வாசிப்பை மறந்த பதினெட்டுப் பேர்

ஜனவரி இருபதாம் தேதி கொளத்துமேடு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிக்கு வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஐந்தாம் வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். ஜூலையில் நடந்த வாசிப்புத் தேர்வில் அவர்களில் இருபத்தொன்பது பேர் ஒரு தமிழ்ப் பத்தியைத் தடங்கலில்லாமல் வாசித்தார்கள். ஜனவரித் தேர்வில் பதினொரு பேர்தான் வாசித்தார்கள். ஆகவே பதினெட்டுப் பேர் ஆறு மாதத்தில் வாசிப்பை மறந்திருக்கிறார்கள். அவர்கள் மறந்தது எப்படி என்று வகுப்பாசிரியர் மூன்று நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்க வேண்டும். விளக்கம் திருப்தியாக இல்லாவிட்டால் அவருடைய தற்காலிகப் பணி மார்ச்சுக்குப் பிறகு நீட்டிக்கப்படாது.

அந்த வகுப்பாசிரியர் பாண்டிச்செல்வி. கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, மறப்பதற்கு அந்தப் பிள்ளைகளுக்கு முதலில் ஏதாவது தெரிந்திருக்க வேண்டுமே என்று மட்டும் சொன்னாராம். அவர் சொன்னதன் பொருள் விளங்க வேண்டுமென்றால் அவருடைய கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும்.

கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு கரிசல் ஊரில் பிறந்தவர். பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்றாறு. அந்த மதிப்பெண்ணுக்கு இந்த நாடு அவருக்குக் கொடுத்த பரிசு, ஸ்ரீபெரும்புதூர் போகும் பேருந்தில் ஓர் இருக்கை. ஒரு கைபேசித் தொழிற்சாலைக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்களாகப் பார்த்து நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். தண்டலம் பக்கத்தில் விடுதி, அறைக்குப் பத்துப் பேர். பதினெட்டு வயதிலிருந்து இருபத்து நான்கு வரை அவர் ஒரே இடத்தில் நின்று, லைனில் நகர்ந்து வரும் கைபேசிகளில் ஒரே திருகை முடுக்கினார். பிறகு ஒருநாள் தொழிற்சாலையை மூடினார்கள். அவர் சும்மா இருக்கவில்லை. லைனில் நின்ற காலத்திலேயே அஞ்சல் வழியில் கணிதம் படித்து முடித்திருந்தார். சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டும் சுபாஷைத் திருமணம் செய்துகொண்டபின் பி.எட். முடித்தார். தகுதித் தேர்விலும் தேறினார். அதற்குப் பிறகு நியமனத்துக்காகக் காத்திருந்தார், காத்திருந்தார், கடைசியில் கொளத்துமேட்டில் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் ஒரு தற்காலிக இடம் கிடைத்தது. இப்போது வயது முப்பத்தைந்து. அந்த இடம் போனால் அவர் மறுபடியும் வகுப்பறைக்குள் நுழைய வழியில்லை. எந்தத் தொழிற்சாலையும் அந்த வயதில் அவரை எடுக்காது என்பது வேறு விஷயம். அவர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. வகுப்பறையைப் பற்றித்தான் கவலைப்பட்டார்.

கொளத்துமேடு வடக்குப்பட்டுக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் இருக்கிறது. நிலம் விற்றவர்களின் பிள்ளைகளை மஞ்சள் வேன்கள் காலை ஏழரைக்கே ஆங்கிலப் பள்ளிகளுக்கு அள்ளிக்கொண்டு போய்விடும். அரசுப் பள்ளிக்கு வருபவர்கள் விற்க நிலமே இல்லாதிருந்த காலனிப் பிள்ளைகளும், தகரக் கொட்டகைகளில் தங்கிக் கட்டட வேலை செய்யும் வெளிமாநிலத்தாரின் பிள்ளைகளும்தான். இந்த ஊரில் யாரிடம் நிலம் இருந்தது, யாரிடம் இல்லை, ஏன் இல்லை என்பதை அறிய ஆய்வாளர் யாரும் வர வேண்டாம். பள்ளியின் வருகைப் பதிவேடு போதும்.

ஜூலையில் ஐந்தாம் வகுப்பில் ஒன்பது பேர் காலனிப் பிள்ளைகள். மீதி இருபத்தொன்பது பேர் ஒடிசாவிலிருந்து வந்த கொட்டகைப் பிள்ளைகள். அவர்களின் பெற்றோர் ஒரு தொழிற்சாலையின் புதிய பகுதியை இரண்டு ஆண்டுகளாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த இரண்டு ஆண்டுகளில் பாண்டிச்செல்வி பிள்ளைகளிடம் ஒடியா கற்றுக்கொண்டார், பிள்ளைகள் அவரிடம் தமிழ் கற்றுக்கொண்டார்கள். இருபத்தொன்பது பேரில் இருபது பேர் நன்றாக வாசித்தார்கள். காலனிப் பிள்ளைகள் ஒன்பது பேரும் வாசித்தார்கள். ஜூலைக் கணக்கு இதுதான்.

செப்டம்பரில் கட்டடம் முடிந்தது. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கொட்டகை காலியானது. பத்து நாட்களில் பக்கத்து நிலத்தில் ஒரு பெரிய கிடங்கு கட்டும் வேலை தொடங்கியது. வேறு ஒப்பந்தக்காரர், வேறு தொழிலாளர்கள். இவர்கள் ஜார்க்கண்டிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். ஐந்தாம் வகுப்பு வயதில் முப்பத்தொரு பிள்ளைகள் வந்தார்கள்.

தலைமையாசிரியர் அண்ணாதுரைக்கு இங்கேதான் சிக்கல் வந்தது. எந்தச் சான்றும் இல்லாவிட்டாலும் பிள்ளையைச் சேர்த்துக்கொள் என்கிறது சட்டம். ஆனால் பிள்ளைகளைப் பதிந்து மாணவர் எண் கொடுக்கும் அரசு வலைத்தளம் சட்டம் படித்ததில்லை. அது ஆதார் கேட்டது, பிறந்த தேதி கேட்டது, அப்பாவின் கைபேசிக்கு வரும் எண்ணைக் கேட்டது. மாணவர் எண் கிடைக்காத பிள்ளைக்குப் புத்தகம் இல்லை, சீருடை இல்லை, முட்டைக் கணக்கிலும் இடமில்லை. போன பிள்ளைகளின் எண்களோ சும்மா கிடந்தன. அவர்களுக்கு மாற்றுச் சான்றிதழ் யாரும் கேட்கவில்லை. ஆகவே வலைத்தளத்தைப் பொறுத்தவரை அவர்கள் இன்னும் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து மதிய உணவின்போது பாண்டிச்செல்வி தன் லைன் காலத்துக் கதை ஒன்றைச் சொன்னார். லைனில் ஒரு பெண் கழிப்பறைக்குப் போனால் ரிலீவர் என்று ஒருத்தி வந்து அந்த இடத்தில் நிற்பாள். போனவளின் எண்ணிலேயே வேலையைப் பதிவு செய்வாள். லைன் நிற்காது, எண்ணிக்கை குறையாது. ஒருமுறை ஒருத்தி மயங்கி விழுந்து மருத்துவமனையில் கிடந்தபோது, அவள் எண்ணில் ரிலீவர் செய்த வேலைக்காக அந்த மாதச் சிறந்த தொழிலாளி பரிசு அவளுக்கே வந்தது. சிரிக்க வைப்பதற்காக இதைச் சொன்னார். அண்ணாதுரை சிரிக்கவில்லை. சாம்பாரில் கையை வைத்தபடி, சும்மா கிடக்கும் எண்கள் எத்தனை என்று கேட்டார். மறுநாள் காலை இருபத்தொன்பது ஜார்க்கண்ட், பீகார் பிள்ளைகள் இருபத்தொன்பது ஒடிசாப் பிள்ளைகளின் பெயர்களில் உட்கார்ந்திருந்தார்கள். எண் மிச்சமில்லாததால் இரண்டு பேர் நான்காம் வகுப்புக்குப் போனார்கள். பிகாஷ் என்ற பையனுக்குக் கிடைத்தது சபிதா பெஹெராவின் எண்.

உடல் அழிந்தாலும் ஆன்மா அழியாது, அது வேறு உடலுக்குள் போகும் என்று யாராவது சொன்னால் நாம் சான்று எங்கே என்று கேட்போம். இதோ சான்று. இந்த நாட்டில் மாணவர் எண் அழிவதில்லை. அதை நீர் நனைக்காது, நெருப்பு சுடாது. பிள்ளைகள்தான் வருவார்கள், போவார்கள். ஐந்தாயிரம் ஆண்டுகளாகச் சாமியார்களால் மெய்ப்பிக்க முடியாத கூடு விட்டுக் கூடு பாய்தலை ஒரு வலைத்தளம் மூன்று நிமிடத்தில் செய்து முடித்தது.

அண்ணாதுரையைத் திட்டுவது எளிது. ஆனால் அந்த வாரமே இருபத்தொன்பது பிள்ளைகளுக்கு முட்டையும் செருப்பும் புத்தகமும் கிடைத்தன. முறைப்படி செய்திருந்தால் கிடங்கின் கூரை முடிந்த பிறகு கிடைத்திருக்கும்.

இந்தப் புதியவர்களுக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. ஜனவரிக்குள் இரண்டு பேர் வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள். ஒன்பதும் இரண்டும் பதினொன்று. கடிதம் சொன்ன பதினெட்டு மறதிகளின் வரலாறு இவ்வளவுதான்.

விளக்கத்தை எழுதும்போது பாண்டிச்செல்வி எதையும் மறைக்கவில்லை. ஜூலையில் வாசித்த பிள்ளைகள் வேறு, ஜனவரியில் வாசித்த பிள்ளைகள் வேறு, முன்னவர்கள் மாநிலத்தை விட்டே போய்விட்டார்கள் என்று நான்கு வரியில் எழுதினார். தாளை அண்ணாதுரையிடம் நீட்டியபோது அவருக்கு இரண்டு பயம். வேலை போகும் என்பது ஒரு பக்கம். தலைமையாசிரியரும் சேர்ந்து மாட்டுவார், பிள்ளைகளின் எண்களும் பறிபோகும் என்பது இன்னொரு பக்கம். அண்ணாதுரை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"அனுப்பு டீச்சர். இத்த எவனும் நம்ப மாட்டான்."

அவர் சொன்னபடியே ஆயிற்று. பதிவேட்டின்படி ஜூலையிலும் ஜனவரியிலும் அதே முப்பத்தெட்டுப் பெயர்கள் உள்ளன, ஒரு மாணவரும் பள்ளியை விட்டு நீங்கவில்லை, ஆகவே ஆசிரியரின் கூற்று பதிவேட்டுக்கு முரணானது, ஏற்பதற்கில்லை என்று பதில் வந்தது. நேரில் ஆய்வு செய்ய வட்டாரக் கல்வி அலுவலர் நடேசன் வருவார் என்றும் இருந்தது.

ஊரிலும் இதற்குள் பேச்சு பரவிவிட்டது. பழைய ஊராட்சித் தலைவர் வந்து, கழிப்பறையை ஈசானிய மூலையில் கட்டியதால்தான் பிள்ளைகளுக்குப் படிப்பு நிற்கவில்லை என்றார். முட்டாள்தனம்தான். ஆனாலும் அவருடைய காரணம் ஒரு மூலையையாவது கைகாட்டியது. அலுவலகத்தின் காரணம் அதைக்கூடச் செய்யவில்லை.

நடேசன் பிப்ரவரி முதல் வாரத்தில் வந்தார். ஓய்வுபெற இரண்டு ஆண்டு இருந்த மனிதர், நல்ல கையெழுத்துக்காரர். வகுப்பில் உட்கார்ந்து பெயர் கூப்பிட்டார். சபிதா பெஹெரா என்றதும் பிகாஷ் எழுந்து, "உள்ளேன் ஐயா" என்றான். அவன் தமிழில் முதலில் கற்ற வாக்கியம் அது. நடேசன் அவனைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், மறுபடி அவனைப் பார்த்தார். தாளில் பெண் என்றிருந்தது. உடல்நலப் பதிவையும் கொண்டு வரச் சொன்னார். ஜூலையில் சபிதா நூற்று முப்பத்தெட்டு சென்டிமீட்டர் இருந்தாள். இப்போது நிறுத்தி அளந்தால் நூற்று இருபத்தொன்று. ஜூலையில் ஓ என்றிருந்த ரத்த வகை டிசம்பர் மருத்துவ முகாமில் பி ஆகியிருந்தது. ஒவ்வொருவராக அளந்தார்கள். பதினான்கு பேர் சுருங்கியிருந்தார்கள். ஆறு பேர் ஆறு மாதத்தில் ஒரு சாண் வளர்ந்திருந்தார்கள். ஏழு பேர் ரத்தம் மாறியிருந்தார்கள். நான்கு பேர் பால் மாறியிருந்தார்கள்.

இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன சாட்சி வேண்டும்? எதிரே நிற்பது வேறு பிள்ளை என்பதற்கு அறிவியல் இதைவிட உரத்துப் பேசாது. நடேசன் பேனாவை எடுத்தார். பால் மாறியதைத் தட்டச்சுப் பிழை என்று எழுதினார். ரத்த வகை சுகாதாரத் துறையின் கவனக்குறைவு. உயரம் குறைந்தது சத்துணவின் குறைபாடு. வளர்ந்தவர்களைப் பற்றிப் புகார் இல்லாததால் எழுதவில்லை. இவை எல்லாம் வேறு வேறு துறைகளுக்குப் போய்விட்டன. வாசிப்பு மட்டும் கல்வித் துறையில் மிஞ்சியது. ஆகவே அது பாண்டிச்செல்வியின் குறை.

சத்துணவு அமைப்பாளர் செல்லம்மாளுக்கு அடுத்த வாரமே விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பதினான்கு பிள்ளைகள் சராசரியாகப் பன்னிரண்டு சென்டிமீட்டர் குறைந்தது ஏன்? அவர் நேராக அலுவலகத்துக்கே போய் நடேசன் மேசை முன்னால் நின்றார்.

"நான் சோறுதான் சார் போட்டுகினு கீறேன். கழுவிக் காயப்போட்டா சுருங்குறதுக்கு அதுங்க இன்னா துணியா?"

நடேசன் அதையும் எழுதி வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டாராம்.

இதில் இருந்த ஒரே நல்ல செய்தி, மறதி குணமாகக்கூடியது என்று அலுவலகம் நம்பியதுதான். பாண்டிச்செல்வியைக் காஞ்சிபுரத்தில் நினைவாற்றல் குறித்த இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். மார்ச் பன்னிரண்டாம் தேதி நடேசன் முன்னிலையில் மறுதேர்வு. முப்பத்தெட்டுப் பேரில் குறைந்தது இருபத்தொன்பது பேர் வாசித்தால் பணி நீட்டிப்பு. இல்லாவிட்டால் மார்ச்சோடு சரி.

பயிற்சியில் வெண்டைக்காய் சாப்பிடச் சொன்னார்கள். பாண்டிச்செல்வி திரும்பி வந்து தனக்குத் தெரிந்ததைச் செய்தார். வகுப்பைத் தொழிற்சாலை லைனாக மாற்றினார். பிள்ளைகள் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். ஒரு முனையிலிருந்து வெற்றுப் பலகை ஒன்று கிளம்பும். ஒவ்வொருவரும் ஓர் எழுத்தைச் சேர்த்து அடுத்தவரிடம் தள்ள வேண்டும். கடைசியில் உட்கார்ந்திருப்பவர் இன்ஸ்பெக்ஷன். சொல்லை உரக்க வாசித்துச் சரியாக இருந்தால் அனுப்புவார், தப்பாக இருந்தால் ரிஜெக்ட் என்று கத்துவார். அந்தக் கத்தலுக்காகவே ஒவ்வொருவரும் இன்ஸ்பெக்ஷன் இடத்துக்கு ஆசைப்பட்டார்கள். வாசிக்கத் தெரியாதவர் அங்கே உட்கார முடியாது. பிகாஷ் பிப்ரவரி கடைசியில் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் யாருக்கும் விட்டுத்தரவில்லை. காலனிப் பிள்ளைகளில் ஒருத்தியான மதிவதனி ஓர் எழுத்தைத் தப்பாகச் சேர்த்த 'கொக்கு'வை அவன் ரிஜெக்ட் செய்தபோது, அவள் அவனை இரண்டு நாள் சபிதா என்றே கூப்பிட்டுப் பழிதீர்த்தாள்.

மார்ச் முதல் வாரத்தில் எண்ணிப் பார்த்தபோது முப்பத்திரண்டு பேர் வாசித்தார்கள். பாண்டிச்செல்வி அன்றுதான் வயிறு நிறையச் சாப்பிட்டதாகச் செல்லம்மாள் சொல்கிறார்.

மார்ச் ஒன்பதாம் தேதி கிடங்குக்குக் கூரை போட்டு முடித்தார்கள். ஒரு மாதம் முன்னதாக. அங்கே மேஸ்திரியாக இருந்த ஜெபகுமார் உள்ளூர்க்காரர். அவரே பள்ளிக்கு வந்து செய்தி சொன்னார். அடுத்த வேலை நாக்பூர் பக்கம். பன்னிரண்டாம் தேதி காலை எட்டு மணிக்கு எல்லாரையும் லாரியில் ஏற்றுகிறார்கள், சாயங்காலம் சென்ட்ரலில் ரயில்.

தேர்வு அதே நாள் பத்து மணிக்கு. பாண்டிச்செல்வி அலுவலகத்துக்குப் பேசினார். தேதியை மாற்ற முடியாது என்றார்கள். காலை ஏழு மணிக்குக் கொட்டகைக்கே போய்த் தேர்வு வைக்கலாமா என்று கேட்டார். தேர்வுச் செயலி பள்ளி வளாகத்துக்கு வெளியே திறக்காது என்றார்கள். பிள்ளை எங்கே இருக்கிறது என்பது ஆறு மாதமாகத் தெரியாத அமைப்புக்குக் கைபேசி எங்கே இருக்கிறது என்பது மட்டும் நூறு மீட்டர் துல்லியத்தில் தெரியும்.

கடைசியில் கிடங்கு வாசலில் போய் ஜெபகுமாரைப் பிடித்தார். வேலை போகப்போகிறது என்பதை ஒளிக்காமல் சொன்னார். ஜெபகுமார் தலையைச் சொறிந்தார்.

"ரயிலு சாயங்காலந்தான டீச்சர். லாரிய உங்க ஸ்கூலு வழியா வுடச் சொல்றேன். ஒன் அவர். அதுக்கு மேல நின்னா டிரைவரு என்னத்தான் திட்டுவான்."

பன்னிரண்டாம் தேதி பத்து மணிக்கு இரண்டு லாரிகள் பள்ளி மைதானத்துக்குள் நுழைந்தன. பாத்திரங்கள், பாய்கள், ஒரு சைக்கிள், கட்டிய தார்ப்பாய், மேலே ஆட்கள். பிள்ளைகள் குதித்து இறங்கி வரிசையில் நின்றார்கள். நடேசன் வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கும் வகுப்புக்கும் நடுவே லாரி நின்றதால் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

செயலி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டது. பெயருக்குரிய பிள்ளை வரிசையிலிருந்து வந்தது. செயலி கொடுத்த பத்தி 'எங்கள் ஊர்' என்று தொடங்கியது. எங்கள் ஊரில் ஒரு பெரிய ஏரி இருக்கிறது. நாங்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே வாழ்கிறோம். அதை லாரியில் ஏற நிற்கும் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக, 'தலைமுறை'யில் மட்டும் சற்றுத் திணறி, உரக்க வாசித்தார்கள். கொளத்துமேட்டிலும் ஓர் ஏரி இருந்தது, அதில் பாதியைத் தூர்த்த நிலத்தில்தான் கிடங்கு நின்றது. வாசித்து முடித்தவர்களை அம்மாக்கள் மேலிருந்து கை நீட்டித் தூக்கிக்கொண்டார்கள். டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்தார்.

இருபத்தொன்பதாவதாக வாசித்தது பிகாஷ். ஒன்பது காலனிப் பிள்ளைகள், லாரிப் பிள்ளைகளில் இருபது. கணக்கு நிறைந்துவிட்டது. பாண்டிச்செல்வி உட்காரவில்லை. நடேசனிடம் போனார்.

"சார், ஒண்ணு கேக்கட்டா? இந்தா லாரில ஏறுதாவளே, இந்தப் பிள்ளைய எல்லாம் யாரு சார்?"

நடேசன் லாரியைப் பார்க்காமல் தாளைப் பார்த்துக்கொண்டே பேசினார். குரல் தாழ்ந்திருந்தது.

"நான் பார்க்க வந்தது வாசிப்பம்மா. லாரியைப் பார்க்க எனக்கு உத்தரவு இல்ல. யாருன்னு நீங்க எழுதுனா நான் இந்த ஒன்றியத்துல இருக்கிற தொண்ணூறு பள்ளிக்கும் எழுதணும். உங்க போஸ்ட் கண்டினியூ ஆவுது. அத்தோட விடுங்க."

மீதிப் பேரையும் முடித்தார்கள். மொத்தம் முப்பத்து மூன்று. நடேசன் தன் அழகான கையெழுத்தில், மறதி நீங்கியது, பணி நீட்டிப்புக்குப் பரிந்துரைக்கப்படுகிறது என்று எழுதிக் கையெழுத்திட்டுப் புறப்பட்டார். பாண்டிச்செல்வியின் வேலை தப்பியது. காலனிப் பிள்ளைகள் ஒன்பது பேர் போக, மீதி இருபத்து நான்கு பேர் வாசித்த அந்தச் சாதனை சபிதா பெஹெராவுக்கும் அவளைப் போன்ற இருபத்து மூன்று பேருக்கும் கணக்கில் ஏறியது. வாசித்த இருபத்து நான்கு பேர் எதுவுமில்லாமல் லாரியில் இருந்தார்கள். ஒரு பிள்ளை உழைத்துக் கற்றதை வேறொரு பிள்ளையின் பெயரில் எழுதி வைப்பதற்குத் திருட்டு என்று பெயர். அது அரசு முத்திரையோடு நடந்தால் புள்ளிவிவரம் என்று பெயர்.

பாண்டிச்செல்வி மேசைக்குத் திரும்பி, கோடு போட்ட நோட்டிலிருந்து தாள்களைக் கிழித்தார். ஒவ்வொரு தாளிலும் ஒரு பெயர். பிகாஷ் முண்டா, ஐந்தாம் வகுப்பு, தமிழ் வாசிப்பான். கீழே தன் கையெழுத்து. எழுத எழுத ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அண்ணாதுரை வந்து எட்டிப் பார்த்தார். இந்தப் பெயர்களில் இந்தப் பள்ளியில் யாரும் படிக்கவில்லை என்று அவருடைய கையெழுத்துள்ள பதிவேடு சொல்லும். ஒரு தாள் வெளியே போனால் அவருடைய ஓய்வூதியம் வரைக்கும் போகும்.

"சீலு இல்லாத தாளு செல்லாது டீச்சர்" என்றார்.

"தெரியும் சார். இருந்தாலும் குடுக்கேன்."

அண்ணாதுரை உள்ளே போனார். பள்ளி முத்திரையையும் மைப் பெட்டியையும் எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பாண்டிச்செல்வி எழுதித் தள்ள அவர் முத்திரை குத்தினார். இருபத்தொன்பது தாள்கள். வாசிக்கத் தெரியாத ஐந்து பேருக்கு 'வாசிக்கக் கற்றுவருகிறார்' என்று எழுதினார்கள். பிள்ளைகள் லாரியின் பக்கவாட்டில் கைகளைத் தொங்கவிட்டு ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டார்கள்.

லாரிகள் வாலாஜாபாத் சாலையில் திரும்பின. தமிழில் எழுதிய அந்தத் தாள் நாக்பூரில் எந்தப் பள்ளிக்குப் போனாலும் யாருக்கும் விளங்காது. அங்கே அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் அந்தப் பிள்ளைகள் மட்டும்தான்.